ஐஎஸ்எல் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, எங்க கிரவுண்டுல என்ன மாறுச்சு

நான் ஃபுட்பால் கோச்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்ல பாக்குற சொந்தக்காரங்கள்ல இருந்து ஆபீஸ் ஆளுங்க வரைக்கும் கேக்குற ஒரே கேள்வி, "ஐஎஸ்எல்னால நம்ம நாட்டு ஃபுட்பால் முன்னேறுச்சா இல்லையா?"ன்னுதான். நான் வட சென்னையில, வியாசர்பாடி பக்கம், சின்னப் பசங்களுக்கு கோச்சிங் குடுக்குறேன். 2014ல ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், தொடங்குறதுக்கு முன்னாடி இருந்தே இதான், காலையில ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேட்ச், சனி ஞாயிறுன்னா முழு நேரம். கோடிக்கணக்குல பணம் போட்டு மேல ஒரு லீக் நடக்கும்போது கீழ கிரவுண்டுல அது எப்படி வந்து சேருதுன்னு கிட்ட இருந்து பாத்ததனால, பாத்தத அப்படியே எழுதுறேன், பசங்கள கிரவுண்டுக்கு அனுப்புற அப்பா அம்மாவுக்கும் புதுசா கோச்சிங் எடுக்குறவங்களுக்கும் ஏதாவது உபயோகமா இருக்கும்.

முதல்லயே சொல்லிடுறேன், கமர்ஷியல் லீக் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். ஐஎஸ்எல் எங்க பசங்களுக்கு ஒரு ஆசைய குடுத்துச்சு, அது சின்ன விஷயமே இல்ல. ஆனா ஒரு பிளேயர் உருவாகுறது 8 வயசுல இருந்து 16 வயசுக்குள்ள அவன் வருஷத்துக்கு எத்தன நல்ல மேட்ச் ஆடுறான்ங்குறதுலதான் இருக்கு, அந்த மேட்ச ஐஎஸ்எல் குடுக்கல, குடுக்குற மாதிரி அத யாரும் பிளான் பண்ணவும் இல்ல.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, சென்னையில ஃபுட்பால்னா ஆபீஸ் டீம்தான். ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இன்கம் டேக்ஸ், இந்தியன் பேங்க் இப்படி. 1996ல நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சப்ப இந்தியன் பேங்க் அதுல ஆடுன டீம், நம்ம ஊருக்கு அதெல்லாம் பெருமையா இருந்துச்சு. நல்லா ஆடுனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை, வேலை கெடைச்சா வீடு நிமிரும், அதுதான் எங்க ஏரியாவுல ஃபுட்பாலுக்கு இருந்த அர்த்தமே. அப்புறம் 2007ல ஐ லீக்னு பேர் மாறி வந்தப்ப மேல் டிவிஷன்ல சென்னை டீம்னு எதுவும் இல்ல, ஆபீஸ்கள்லயும் ஆள் எடுக்குறது கொறஞ்சிக்கிட்டே போச்சு. அந்த டைம்ல என்கிட்ட வந்த பசங்க கிட்ட இந்தியா பிளேயர் பேரு சொல்லுங்கடான்னா சேத்ரி, பைசுங் பூட்டியா, அவ்ளோதான், அதுக்கு மேல மெஸ்ஸி ரொனால்டோன்னு போயிடுவாங்க.

2010 டிசம்பர்ல நம்ம நாட்டு ஃபுட்பால் சங்கமான ஏஐஎஃப்எஃப் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐஎம்ஜி ரிலையன்ஸ் கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டாங்க, அதுல இருந்து பொறந்ததுதான் ஐஎஸ்எல். 2014 அக்டோபர்ல 8 டீமோட ஆரம்பிச்சது. டெல் பியரோ, ட்ரெஸகே, பிரெஸ், அனெல்கான்னு வேர்ல்டு கப் பாத்தவங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச பேரா கொண்டு வந்தாங்க, நம்ம சென்னையின் எஃப்சிக்கு மாட்டராசி கோச்சாவும் பிளேயராவும் வந்தார், பிரேசில்காரர் எலானோ வந்து 8 கோல் போட்டு அந்த சீசன்ல அதிக கோல் போட்டவருக்கு குடுக்குற கோல்டன் பூட்டே வாங்கிட்டாரு. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல எலானோ ஃப்ரீ கிக் எடுக்க நிக்கும்போது ஸ்டேடியமே எழுந்து நிக்கும். அடுத்த நாள் காலையில எங்க கிரவுண்டுல ஷூ இல்லாத பசங்க கூட பந்த வச்சிட்டு அதே மாதிரி நாலு ஸ்டெப் பின்னாடி போய் நின்னாங்க. கிரிக்கெட் ஸ்டம்ப் வச்சிருந்த பசங்க கூட அந்த ரெண்டு மாசம் எங்க பக்கம் வந்து நின்னாங்க, அது நான் நேர்ல பாத்தது.

அத விட பெருசு எதுன்னா தனபால் கணேஷ். எங்க வியாசர்பாடி பையன், இந்த தெருவுல ஓடுனவன், சென்னையின் எஃப்சி ஜெர்சியில வந்து நின்னப்பதான் எங்க ஏரியா அம்மாங்க எல்லாம் முதல் தடவையா "சார், இதுல சம்பளம் உண்டா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் பந்து ஆடப் போனா அடி, சாயங்காலம் டியூஷன் போகலன்னா அடி. அப்புறம் நந்தகுமார் சேகர் வந்தான், அவனும் இந்தப் பக்கத்து பையன்தான், 2023 டூரண்ட் கப்ல ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா ஒரே கோல், அதுலயே மேட்ச் முடிஞ்சிச்சு, அந்த ஊரோட ரெண்டு பெரிய டீமும் மோதுற கொல்கத்தா டெர்பியில. கொல்கத்தாவுல ஒரு லட்சம் பேரு அவன் பேர தெரிஞ்சிக்கிட்டாங்க. எங்க பசங்களுக்கு அந்த வீடியோ மனப்பாடம். ஒரு பையன் கிட்ட போய் நீயும் பெரிய ஆளாகலாம்னு நூறு தடவ சொல்றதும், அதே பஸ் ஸ்டாப்ல ஏறி இறங்குன அண்ணன் ஒருத்தன டிவியில காட்டுறதும் ஒண்ணு இல்லவே இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காக ஐஎஸ்எல்லுக்கு நான் எப்பவும் நன்றி சொல்வேன்.

2015 டிசம்பர யாரும் மறக்க முடியாது. வெள்ளம் வடிஞ்சு வீட்டுக்குள்ள சேறு அள்ளிட்டு இருந்த நேரம், சென்னையின் எஃப்சியோட ஹோம் செமி ஃபைனலே புனேக்கு மாத்திட்டாங்க. கோவாவுல ஃபைனல்ல 2-1 பின்னாடி இருந்து கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு கோல் வந்து 3-2, மெண்டோசா அடிச்ச அந்த கடைசி கோலுக்கு எங்க தெருவுல ரோட்டுக்கு ஓடி வந்து கத்துனாங்க, மெத்தையும் பீரோவும் வெளியில காஞ்சிட்டு இருந்த தெரு அது. ஒரு ஊருக்கு ஒரு டீம் இருந்தா என்னன்னு அன்னைக்கு புரிஞ்சிது.

இதுல இருந்து ஒரு பிராக்டிகல் விஷயம் சொல்றேன், கோச்சா இருக்குறவங்க கண்டிப்பா பண்ணி பாருங்க. பசங்கள டிவியில மேட்ச் பாக்க விடுறதோட நிறுத்தாம ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டு போங்க, போகும்போது ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பிளேயர ஒதுக்கிடுங்க, பந்து எங்க போனாலும் நீ உன் ஆளதான் பாக்கணும்னு சொல்லிடுங்க. டிவி பந்து இருக்குற இடத்ததான் காட்டும். எங்க பையன் ஒருத்தனுக்கு ஜேஜேவ குடுத்தேன், மிசோரம்ல இருந்து வந்த நம்ம ஸ்ட்ரைக்கர். ஹாஃப் டைம்ல வந்து அவன் சொன்னான், "சார் அவரு பந்து கேக்குறதுக்கு முன்னாடி எதிர் பக்கம் ரெண்டு அடி போறாரு, டிஃபெண்டரும் கூட போறான், அப்புறம் டக்குன்னு திரும்பி வராரு". இத நான் மாசக்கணக்கா போர்டுல வரைஞ்சு காட்டியும் ஏறல. இன்னொருத்தனுக்கு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், அவர் பந்து வர்றதுக்கு முன்னாடி தோள் மேல பின்னாடி எட்டிப் பாக்குறத எண்ணிட்டு வரச் சொன்னேன். அடுத்த ப்ராக்டிஸ்ல அவனே எட்டிப் பாக்க ஆரம்பிச்சான், யாரும் சொல்லாமலே. பக்கத்துல தரமான லீக் ஒண்ணு நடந்தா கீழ இருக்குறவனுக்கு நேரடியா கெடைக்குற லாபம் இதான், இத உபயோகப்படுத்துறது நம்ம கையில இருக்கு.

சரி, இப்ப கஷ்டமான பக்கத்துக்கு வரேன்.

2014ல ஃபீல்டுல 11 பேர்ல 6 பேரு வெளிநாட்டுக்காரங்க ஆடலாம், இந்தியன்ஸ் 5 பேர் இருந்தா போதும். 2017ல வெளிநாட்டுக்காரங்க 5 ஆச்சு, 2021ல தான் 4 ஆச்சு. எந்த டீமா இருந்தாலும் காசு குடுத்து வெளியில இருந்து யாரக் கொண்டு வருவாங்க? கோல் போடுற ஆளத்தான். ஸ்ட்ரைக்கர், பின்னாடி ஆட்டத்த நடத்துற ஒரு பிளேமேக்கர், டிஃபென்ஸ் நடுவுல ஒரு ஸ்டாப்பர். முதுகெலும்பு மாதிரி நடு லைன் முழுக்க அவங்க, நம்ம பசங்களுக்கு ஓரத்துல இருக்குற விங்கும் ஃபுல்பேக்கும். 2014ல இருந்து 2025 வரைக்கும் 11 சீசன்ல கோல்டன் பூட் வாங்குனது அத்தன பேரும் வெளிநாட்டுக்காரங்க, ஒரு இந்தியன் கூட இல்ல. நம்ம நாட்டுக்கு 95 கோல் போட்ட சேத்ரி 2002ல மோகன் பகான்ல ஆரம்பிச்சு 2005ல இந்தியாவுக்கு ஆடுனவரு, அதாவது ஐஎஸ்எல்லுக்கு ரொம்ப முந்தின ஆளு. 2024ல ரிட்டயர் ஆனவர 2025 மார்ச்ல 40 வயசுல திரும்ப கூப்பிட வேண்டி வந்துச்சு, அந்த சீசன்லயும் இந்தியன்ஸ்ல அதிக கோல் போட்டது அவர்தான். இது எங்க கிரவுண்டு வரைக்கும் தெரியும். ட்ரையல்ஸுக்கு போற பசங்க என்கிட்ட வந்து "சார் என்ன விங்ல போடுங்க, ஸ்ட்ரைக்கரா போனா எடுக்க மாட்டாங்க"ன்னு கேப்பாங்க. 13 வயசு பையன் மார்க்கெட்ட பாத்து பொசிஷன் மாத்துறான்.

நேஷனல் டீம் கணக்கையும் பாத்துடுவோம். 2015 மார்ச்ல ஃபிஃபா ரேங்க் 173, 2017 ஜூலைல 96. அப்ப எல்லாரும் ஐஎஸ்எல் எஃபெக்ட்னு சொன்னாங்க, கொஞ்சம் உண்மையும் இருக்கு, ஃபிட்னஸ், சாப்பாடு, பிசியோ இதெல்லாம் அந்த லீக் வந்த அப்புறம்தான் நம்ம பிளேயர்ஸுக்கு ஒழுங்கா கெடைச்சிது. 2019 ஆசியக் கோப்பையில தாய்லாந்த 4-1ன்னு அடிச்சப்ப நானும் நம்புனேன். ஆனா 2024 ஜனவரியில அடுத்த ஆசியக் கோப்பையில மூணு மேட்சும் தோத்து ஒரு கோல் கூட போடல. அதே வருஷம் மார்ச்ல குவாஹாத்தியில ஆப்கானிஸ்தான் கிட்ட 2-1 தோல்வி. 2025 அக்டோபர்ல கோவாவுல சிங்கப்பூர் கிட்ட 2-1 தோத்து 2027 ஆசியக் கோப்பைக்கே போக முடியாம போச்சு, நவம்பர்ல டாக்காவுல பங்களாதேஷ் கிட்ட 1-0 தோல்வி. அப்ப ரேங்க் 142க்கு வந்துருச்சு. சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும். சட்டிய நெரப்புற வேலைய யாருமே பாக்கல.

பொம்பள பிள்ளைங்க டீம பாருங்க. அவங்களுக்கு இந்த மாதிரி பெரிய விளம்பரம், கூட்டத்த இழுக்குற மார்கி பிளேயர் எதுவும் கெடையாது, இருக்குறது ஒரு சின்ன இந்தியன் வுமன்ஸ் லீக். 2025 ஜூலைல தாய்லாந்த அவங்க ஊர்லயே 2-1 ஜெயிச்சு 2026 ஆசியக் கோப்பைக்கு குவாலிஃபை ஆனாங்க. அந்த லீக்ல 2018-19ல சாம்பியன் ஆனது நம்ம சேது எஃப்சி, தமிழ்நாடு பொண்ணுங்க சீனியர் நேஷனல்ஸ்ல 2018லயும் 2023லயும் கப் அடிச்சாங்க. பணம் இல்லாமலே வளந்துருவாங்கன்னு நான் சொல்ல வரல, அவங்களுக்கு பணம் போயே ஆகணும். பணம் வர்றதும் ஆட்டம் வளர்றதும் தானா ஒண்ணா நடக்கும்னு நெனைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

இதுல என் மனசுல ஆறாத விஷயம் கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்சி, ஐ லீக் டீம், கோவை நேரு ஸ்டேடியத்துல ஆடுனாங்க. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ், ஸ்பெயின்ல பெருசா பேரு இல்லாத டிவிஷன்கள்ல இருந்து கூட்டிட்டு வந்த பிளேயர்ஸ், 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி, அவங்க கூட நம்ம எட்வின், ரொமாரியோ, அஜித் குமார். அதுக்கு முந்தின சீசன்ல கன்னியாகுமரி கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் அங்க ஆடித்தான் பேர் வாங்குனான். 2018-19ல கடைசி மேட்ச்ல மினர்வா பஞ்சாப் டீம 3-1ன்னு ஜெயிச்சு ஐ லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்து எஃப்சி பாசல் அந்த கிளப்ல 26 சதவீத பங்கு வாங்குச்சு. அந்த டீம் பந்த தரையில வச்சு ஆடுன அழகு இருக்கே, நான் பசங்களுக்கு வீடியோ போட்டு காட்டுனதுல அதிகம் அவங்களோடதுதான்.

ஆனா சாம்பியன் ஆனா மேல போற வழி இல்ல. அந்த சமயத்துல ஐஎஸ்எல்லுக்குள்ள போகணும்னா காசு கட்டி உள்ள போகணும், ஜெயிச்சு போக முடியாது. 2019 அக்டோபர்ல கோலாலம்பூர்ல ஆசிய ஃபுட்பால் சங்கமான ஏஎஃப்சி போட்ட திட்டப்படி ஐஎஸ்எல்தான் நாட்டோட முதல் லீக், ஐ லீக் சாம்பியனுக்கு ப்ரமோஷன் 2022-23 சீசன்ல இருந்துதான். பஞ்சாப் எஃப்சி அப்படித்தான் முதல்ல போச்சு, அடுத்து கொல்கத்தாவோட முகமதன் டீம். சென்னை சிட்டிக்கு அதெல்லாம் லேட். நல்ல பிளேயர்ஸ் ஒவ்வொருத்தரா ஐஎஸ்எல் டீமுக்கு போயிட்டாங்க, 2021க்கு அப்புறம் ஐ லீக்ல அந்த பேரே இல்ல. கிளப் மூடுனதுக்கு உள்ள ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா ஜெயிச்சாலும் ஏற முடியாத ஏணியில எந்த முதலாளி எத்தன வருஷம் காச போடுவான்? தமிழ்நாட்டுல அதுக்கப்புறம் கோயம்புத்தூர், மதுரை, திருச்சின்னு எந்த ஊர்லயும் அந்த மாதிரி இன்னொரு டீம் எழும்பல. மேல இருந்தும் யாரும் இறங்கல, 2024-25 சீசன் வரைக்கும் ஐஎஸ்எல்ல ரெலிகேஷனே கெடையாது.

இதுக்கு நேர் எதிரா மிசோரத்த பாருங்க. மக்கள் தொகை 11 லட்சம் பக்கம், நம்ம பெரிய மாவட்டம் ஒண்ணு அளவு கூட இல்ல. 2012ல மிசோரம் பிரீமியர் லீக்னு ஆரம்பிச்சாங்க, சோனெட்னு ஒரு லோக்கல் கேபிள் டிவி மேட்ச லைவ்வா போட்டுச்சு. அதுவும் கமர்ஷியல் லீக்தான், டிவிக்காரன் காசு, விளம்பரம் எல்லாம் உண்டு, ஆனா ஆடுறவன் உள்ளூர்க்காரன், பாக்குறவனும் உள்ளூர்க்காரன். 2014ல மாநில டீம்கள் மோதுற சந்தோஷ் டிராபி மிசோரத்துக்கு. முந்தின சீசன்ல ஐ லீக்ல இருந்து ரெலிகேட் ஆன ஐசால் எஃப்சி, திரும்ப சேத்துக்கிட்ட உடனே 2016-17ல சாம்பியன், கோச் யாருன்னா காலித் ஜமீல், 2025ல இந்தியா கோச் ஆனாரே அவர்தான். நம்ம ஜேஜேவும் அந்த மண்ணுல இருந்து வந்தவர்தான். அதனால காசு உள்ள வர்றதுல எனக்கு எந்த பிரச்சனையும் இல்ல, அது எந்த மட்டத்துல வந்து விழுதுங்குறதுதான் கேள்வி. ஜப்பான்ல கூட 1993ல ஜே லீக் ஆரம்பிச்சப்ப ஸீக்கோ, லினேகர்னு பெரிய பேரெல்லாம் வந்தாங்க, ஆனா கம்பெனி பேர எடுத்துட்டு ஊர் பேர வையுங்க, சின்னப் பசங்க டீம் வையுங்கன்னு கூடவே ரூல் போட்டாங்க, 1998ல முதல் வேர்ல்டு கப், அதுல இருந்து ஒண்ணு விடல. சீனாவுல காச மட்டும் கொட்டுனாங்க, 2020ல சாம்பியன் ஆன ஜியாங்சு டீம் மூணு மாசத்துல இழுத்து மூடிட்டாங்க.

நம்ம கதைக்கு வரேன். எங்க ஏரியாவுல ஒரு 11 வயசு பையனுக்கு வருஷத்துக்கு கெடைக்குற மேட்ச் எப்படி இருக்கும்னா எல்லாமே நாக்அவுட் டோர்னமெண்ட். என்ட்ரி ஃபீஸ் கட்டி, காலையில 6 மணிக்கு ஷேர் ஆட்டோவுல போய், மூணு மணி நேரம் வெயில்ல உக்காந்து, 15 நிமிஷம் 15 நிமிஷம் ஒரு மேட்ச், தோத்தா வீட்டுக்கு. அப்படி இருக்கும்போது கோச் என்ன பண்ணுவான்? இருக்குறதுலயே பெரிய உருவமா இருக்குற பையன முன்னாடி நிறுத்தி, பின்னாடி இருந்து தூக்கி அடிடான்னு சொல்வான். சின்ன உருவமா இருக்குறவன் பெஞ்ச்ல. அவன்தான் பந்த நல்லா ஆடுறவனா இருப்பான், ஆனா அவன் வளர்றதுக்குள்ள வெறுத்துப் போய் நின்னுருவான். நம்ம நாட்டுல பிளேயர் தொலையுற இடம் இதுதான்னு நான் நெனைக்குறேன், ஐஎஸ்எல்லுக்கும் இந்த இடத்துக்கும் நடுவுல எந்த கனெக்‌ஷனும் இல்ல.

அதனால பக்கத்து கோச்சுங்க எல்லாம் பேசி, ஆறு குரூப் சேந்து சின்னதா ஒரு ஞாயித்துக்கிழமை லீக் வச்சோம், 12 வயசுக்கு கீழ. எல்லாரும் எல்லாரோடவும் ரெண்டு தடவ, ஆக ஒரு டீமுக்கு 10 மேட்ச் கேரண்டி. ஏழு பேரு, சின்ன கோல் போஸ்ட், அதையும் பிவிசி பைப்ல நாங்களே பண்ணிட்டோம், சைஸ் 4 பந்து. ரூல் கொஞ்சம்தான். வந்த எல்லா பையனும் பாதி மேட்சாவது ஆடியே ஆகணும். கோல் கீப்பர் பந்த சென்டர் லைன தாண்டி தூக்கி அடிக்கக் கூடாது. வெளியில நிக்குற அப்பாங்க கைதட்டலாம், ஆனா உள்ள இருக்குற பையனுக்கு "அடி அடி, பாஸ் பண்ணு"ன்னு டைரக்‌ஷன் குடுக்கக் கூடாது, குடுத்தா மேட்ச நிறுத்திருவோம், இத ஒத்துக்க வைக்கத்தான் ரொம்ப கஷ்டப்பட்டோம். ரெஃப்ரீ எங்ககிட்டயே முன்னாடி ஆடுன 16, 17 வயசு பசங்க, மேட்சுக்கு நூறு ரூபா. அந்த நூறு ரூபாக்காகவும் அந்த விசிலுக்காகவும் ஆட்டத்த விட்டுட்டு போயிருந்த ரெண்டு பேரு திரும்ப வந்து சேந்தாங்க. பாயிண்ட்ஸ் டேபிள வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவோம், ஞாயித்துக்கிழமை மதியம் அம்மாங்க போன புடுங்கி டேபிள் பாப்பாங்க பசங்க.

என்ன மாறுச்சுன்னா, ஒரு மேட்ச் தோத்தா அடுத்த வாரம் இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்ச உடனே கோச்சுங்களுக்கே பயம் போச்சு. பின்னாடி இருந்து பாஸ் பண்ணி வரச் சொன்னோம், ஆரம்பத்துல பந்த இழந்து கோல் வாங்குனாங்க, பரவால்லன்னு விட்டோம், அஞ்சாறு வாரத்துல சின்னச் சின்ன பசங்க டிஃபெண்டர் காலுக்கு நடுவுல திரும்பி பந்த வெளிய எடுத்துட்டு வந்தாங்க. நாக்அவுட்ல இருந்திருந்தா பெஞ்ச விட்டு எந்திரிச்சிருக்கவே மாட்டான், அப்படி ஒரு ஒல்லிப் பையன் இப்ப எங்க டீமுக்கே நடுவுல நின்னு ஆட்டத்த நடத்துறான்.

செலவு பெருசா இல்ல. டர்ஃப்னா ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபா பக்கம் ஆகும், கட்டுப்படியாகாது, கார்ப்பரேஷன் கிரவுண்டுதான், கிரிக்கெட் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி 6 மணிக்கே கோன் வச்சு லைன் போட்டுரணும், அவங்க கிட்டயும் சண்டை போடாம 9 மணிக்கு காலி பண்ணிடுவோம்னு சொல்லி அத காப்பாத்தணும். மழைக்காலத்துல ஒரு மாசம் விட்டுருங்க, அரையாண்டு பரீட்சை டைம்ல வைக்காதீங்க, ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிச்சா சரியா வரும். பிறந்த தேதி சர்ட்டிஃபிகேட்ட முதல் நாளே வாங்கி வச்சிருங்க, வயச கொறைச்சு ஆட வைக்குறது இந்த ஊர்ல பெரிய வியாதி, பெரிய பையன் வந்து சின்னவன் கால ஒடச்சிட்டு போனா அப்புறம் எந்த அம்மாவும் அனுப்ப மாட்டாங்க.

அப்பா அம்மாவுக்கு ரெண்டு வார்த்த. ஐஎஸ்எல் பேர சொல்லி காசு வாங்குற ஆளுங்க நெறைய வந்துட்டாங்க. எங்க பையன் ஒருத்தன் வீட்ல கடன் வாங்கி ஒரு அகாடமியில பணம் கட்டுனாங்க, "ஐஎஸ்எல் டீம் ட்ரையல்ஸுக்கு நேரா அனுப்புறோம்"னு அந்த அகாடமிக்காரங்க சொன்னாங்க, கடைசியில ஒரு நாள் முந்நூறு பசங்கள ஒரே கிரவுண்டுல விட்டு பத்து நிமிஷம் ஆட வச்சு ஒரு டீசர்ட்ட குடுத்து அனுப்பிட்டாங்க. காசு குடுத்தா நேரா ஐஎஸ்எல்லுக்கு அனுப்புறேன்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துருங்க. ஒரு அகாடமிய பாக்கப் போனா டிரஸ்ஸையும் டர்ஃபையும் பாக்காம, வருஷத்துக்கு என் பையன் எத்தன மேட்ச் ஆடுவான், எந்த லீக்ல, பெஞ்ச்ல எத்தன நாள்னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறுனா அங்க விடாதீங்க. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் மாதிரி வயசு பசங்களுக்குன்னு இப்ப சில லீக் வந்திருக்கு, நல்ல விஷயம், அந்த மாதிரி லீக்ல டீம் வச்சிருக்காங்களான்னு பாருங்க. படிப்ப மட்டும் நிறுத்தாதீங்க, பன்னெண்டாவது முடிச்சா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, யுனிவர்சிட்டி மேட்ச் இருக்கு, முட்டிக்கால் ஒரு தடவ போச்சுன்னா கையில ஏதாவது இருக்கணும்.

ஐஎஸ்எல்ல மட்டும் நம்பி இருந்தா என்ன ஆகும்னு 2025ல கண்ணால பாத்தோம். ஜூலைல அடுத்த சீசன நிறுத்தி வைக்குறோம்னு லீக் நடத்துற கம்பெனி சொன்னாங்க, 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது, புதுசு கையெழுத்தாகல. ஆகஸ்ட்ல பெங்களூர் டீம் பிளேயர்ஸ் சம்பளத்த நிறுத்தி வச்சாங்க, நம்ம சென்னையின் எஃப்சியும் எல்லாத்தையும் நிறுத்தி வச்சுது. லீக் நடத்த புதுசா ஒரு கம்பெனி எடுக்க டெண்டர் விட்டா நவம்பர்ல ஒருத்தர் கூட கேட்டு வரல. கடைசியில அரசாங்கம் தலையிட்டு 2026 பிப்ரவரி 14ல இருந்து, 14 டீம், ஒரு தடவ மட்டும் மோதுற மாதிரி, டீமுக்கு 13 மேட்ச்னு முடிவாச்சு. நாட்டோட மொத்த ஃபுட்பாலையும் ஒரே ஒப்பந்தத்துல கட்டித் தொங்கவிட்டா இப்படித்தான் ஆகும். அந்த மாசங்கள்ல எங்க பசங்க கேட்டது, "சார், ஐஎஸ்எல்லே இல்லன்னா நாங்க எதுக்கு ஆடணும்?" அந்த கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்குறதுக்குள்ள பக்கத்துல நின்ன இன்னொருத்தன், "ஞாயித்துக்கிழமை நமக்கு மேட்ச் இருக்குல்லடா"ன்னுட்டான்.

என் ஆசை ரொம்ப சிம்பிள். ஐஎஸ்எல் டீம் ஒவ்வொண்ணும் தன் ஊர்ல 12 வயசு, 14 வயசு பசங்களுக்கு எட்டு மாசம் ஓடுற ஒரு லீக நடத்தணும், தன் அகாடமிக்கு மட்டும் இல்லாம எங்கள மாதிரி ஏரியா டீமையும் சேத்து, அதுவும் லைசென்ஸ் ரூலா வரணும், இஷ்டப்பட்டா பண்ற நல்ல காரியமா விடக் கூடாது. வெளிநாட்டு பிளேயர் ஒருத்தருக்கு குடுக்குற சம்பளத்துல ஒரு சின்ன பங்கு போதும் சென்னை முழுக்க இத நடத்த. ஐஎஸ்எல்லுக்கு கீழ இருக்குற லீக்கோட சாம்பியன் மேல ஏறணும், கடைசி டீம் கீழ இறங்கணும், அத நிறுத்தவே கூடாது. இதெல்லாம் வர்ற வரைக்கும் நீங்க இருக்குற ஏரியாவுல நாலு கோச் இருந்தா போதும், லீக் ஆரம்பிச்சிரலாம், மேட்ச் அட்டவணை போடுறது, ரூல், ரெஃப்ரீக்கு பசங்கள பழக்குறதுன்னு எதுல சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, எங்ககிட்ட இருக்குற ஷீட்ட அப்படியே அனுப்புறேன், பேர மாத்தி போட்டுக்கோங்க.